மாரியம்மன் யார்? ஆயாவின் கூழ் பிரேயரைத் தொடரலாமா என்று கேட்ட தம்பிக்கு

ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். டர்பன் பக்கம் ஃபீனிக்ஸில் இருந்த அவருடைய ஆயா (பாட்டி), ஆடி பிறந்தால் மாரியம்மனுக்குக் கூழ் பிரேயர், அதாவது கூழ் ஊற்றும் பூஜை, செய்வாராம். ஆயா போய் இரண்டு வருடம் ஆகிறது. இந்த ஆடிக்குத் தானே செய்யலாம் என்று இவர் நினைத்திருக்கிறார். அப்போது நண்பர் ஒருவர், "மாரியம்மன் வேதத்தில் இல்லை. அம்மை நோய்க்குப் பயந்த கிராமத்து ஆட்கள் உண்டாக்கிய சாமி. அந்த நோயே ஒழிந்துவிட்டது, இன்னும் எதற்குக் கூழ்?" என்று கேட்டாராம். இணையத்தில் தேடினால் ஒருவர் ரேணுகா என்கிறார், ஒருவர் பார்வதி என்கிறார், இன்னொருவர் திரௌபதி என்கிறார். அதனால் "மாரியம்மன் உண்மையில் யார், எங்கிருந்து வந்தாள்?" என்று எழுதியிருக்கிறார். அந்தக் கேள்விக்குள் இன்னொன்று இருக்கிறது என்று நினைக்கிறேன்: என் ஆயா செய்தது முறையான வழிபாடுதானா? இரண்டுக்கும் சேர்த்தே எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

நான் டர்பனில் கோயில் பள்ளிக்கூடத்தில் முப்பது வருடத்துக்கு மேல் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவள். ஆடி மாதத்தில் கூழ் காய்ச்சும் பெண்களோடு நின்று அடுப்பு பார்த்தவள். ஆகமம் முறையாகப் படித்ததில்லை, மருத்துவமும் தெரியாது. ஆகவே மந்திரம், பிரதிஷ்டை பற்றிய சந்தேகங்களைக் குருக்களிடம் கேளுங்கள். தமிழ் நூல்கள் சொல்வதையும், டர்பன் இருக்கும் தென்னாப்பிரிக்க நேட்டாலில் நம் வீடுகளில் நடந்ததையும் நான் சொல்ல முடியும்.

பெயரிலிருந்து தொடங்குவோம். பழந்தமிழில் மாரி என்றால் மழை. பாரி மட்டுமா உலகத்தைக் காக்கிறான், மாரியும் இருக்கிறதே என்று புறநானூற்றில் கபிலர் பாடும்போது சொல்வது மழையைத்தான். அதே மாரி என்ற சொல்லுக்கு அகராதிகளில் வைசூரி, சாவு என்ற பொருள்களும் உண்டு. வடமொழியில் மாரி என்றால் கொள்ளைநோய். இந்த அம்மனின் பெயர் மழையிலிருந்து வந்ததா, நோயிலிருந்து வந்ததா என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போவதில்லை. ஆனால் மூன்றாவதாக ஒரு விளக்கம் சொல்வார்கள். பின்னால் வரும் ரேணுகா கதையில் தலை மாறியதால் மாரி என்று. அதை மட்டும் ஒரு தமிழாசிரியையாக என்னால் ஏற்க முடியாது. மாறுவது வல்லின ற, மாரி இடையின ர. கேட்க ஒன்றுபோல இருப்பதால் கதை சொல்கிறவர்கள் பின்னால் சேர்த்துக்கொண்டது அது.

மழையும் நோயும் ஒரே தாயிடம் எப்படி வந்தன என்று கேட்டால், சிலப்பதிகாரத்தின் முன்னால் வரும் உரைபெறு கட்டுரையைக் காட்டுவேன். கண்ணகி மதுரையை எரித்த பிறகு பாண்டிய நாட்டில் மழை பொய்த்தது, வறுமை வந்தது, வெப்பு நோயும் குருவும் தொடர்ந்தன என்கிறது அந்தப் பகுதி. குரு என்றால் உடம்பில் எழும்பும் கொப்புளம். கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் நங்கைக்கு விழா எடுத்துச் சாந்தி செய்தான், மழை பெய்தது, நோய் நீங்கியது. அந்தச் சாந்தியில் பொற்கொல்லர் ஆயிரம் பேர் பலியானார்கள் என்றும் அதே வரி சொல்கிறது. அதைப் படிக்கும்போது எனக்கு இன்றும் மனம் கனக்கும். அந்தக் கட்டுரை மூலநூலுக்குப் பின்னால் சேர்ந்தது என்று கருதுகிறவர்களும் உண்டு. எப்படிப் பார்த்தாலும் வறட்சி, காய்ச்சல், கொப்புளம் மூன்றும் ஒரு பெண் தெய்வத்தின் கோபமாக வருவதும், விழாவால் அவள் குளிர்வதும் தமிழில் பழைய எண்ணம் என்பது உறுதி. மாரியம்மன் என்ற பெயர் சங்கப் பாடல்களில் கிடையாது; அங்கே இருப்பவள் கொற்றவை. கண்ணகிதான் பிற்பாடு மாரியம்மன் ஆனாள் என்று சிலர் அடித்துச் சொல்வதை நான் ஊகம் என்றுதான் வைப்பேன். நல்ல ஊகம், ஏனென்றால் மட்டக்களப்பில் இன்றும் கண்ணகி அம்மனுக்கு வைகாசியில் சடங்கு நடக்கிறது. அம்மை நோயை அவளிடம்தான் சொல்லி முறையிடுகிறார்கள்.

அடுத்தது ரேணுகா கதை. நம் ஊரில் பிரேயர் நடக்கும் எல்லா வீட்டிலும் இதைத்தான் சொல்வார்கள். ஜமதக்னி முனிவரின் மனைவி ரேணுகா, கற்பின் வலிமையால் சுடாத மண்ணில் குடம் செய்து ஆற்றில் நீர் எடுத்து வருவாள். ஒருநாள் தண்ணீரில் வானத்துக் கந்தர்வனின் நிழலைப் பார்த்து ஒரு கணம் அழகன் என்று நினைத்தாள், குடம் கரைந்தது. கோபத்தில் முனிவர் மகன் பரசுராமனிடம் தாயை வெட்டச் சொன்னார். அடைக்கலம் கொடுத்த சேரிப் பெண்ணும் சேர்ந்து வெட்டுப்பட்டாள். மகன் வரம் வாங்கி உயிர்ப்பிக்கும்போது அவசரத்தில் தலைகள் மாறின. ஒருத்தி மாரியம்மன் ஆனாள், மற்றவள் எல்லையம்மன் ஆனாள்.

இதில் எது எங்கிருந்து வந்தது என்று பிரித்துப் பார்க்க முடியும். மகாபாரதத்தின் வனபருவத்தில் ரேணுகாவின் கதை இருக்கிறது. அங்கே அவள் பார்ப்பது மனைவியரோடு நீராடும் சித்ரரதன் என்ற அரசனை. பரசுராமன் வெட்டுகிறான், வரம் கேட்டுத் தாயைத் திரும்பப் பெறுகிறான். தலை மாறிய பேச்சே அங்கே இல்லை, சேரிப் பெண்ணும் இல்லை. அவை இரண்டும் நம் பக்கத்து மக்கள் சேர்த்தவை. இதைக் குறையாக நான் பார்க்கவில்லை. முனிவர் வீட்டுப் பெண்ணின் தலையும் சேரிப் பெண்ணின் உடலும் ஒட்டிக்கொண்டு ஒரே சாமியாக நிற்கிறது, அதை எல்லோரும் விழுந்து கும்பிட வேண்டும் என்று ஒரு ஊர் முடிவு செய்திருக்கிறது. வனபருவத்தை விட இந்தக் கதை எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

இந்தக் கதை ஏன் நேட்டாலில் இவ்வளவு ஆழமாக வேரூன்றியது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. 1860 நவம்பர் 16ஆம் தேதி ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து டர்பன் வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கரும்புத் தோட்டங்களுக்கும் மற்ற வேலைகளுக்கும் ஒப்பந்தக் கூலிகளாக வந்தார்கள். பெரும்பாலோர் சென்னை மாகாணத்துக்காரர்கள், அதிலும் வட ஆற்காடு, செங்கல்பட்டு, சித்தூர் பக்கத்திலிருந்து வந்தவர்கள் நிறைய. படவேட்டு ரேணுகாம்பாள் கோயில் இருப்பது பழைய வட ஆற்காட்டில்தான். குடியாத்தத்தில் வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா நடக்கும். அம்மனின் தலையை மட்டும் ஊர்வலமாகக் கொண்டுவந்து உடலோடு பொருத்துவார்கள். நம் ஊரில் மாரியம்மனுக்கு அடுத்தபடி கெங்கையம்மன் பிரேயர் நடப்பதும், மஞ்சளில் முகம் மட்டும் பிடித்து வைத்துக் கும்பிடுவதும் யாரோ இங்கே புதிதாகக் கண்டுபிடித்தவை இல்லை. அந்த ஊர் மண்ணோடு வந்தவை.

திரௌபதி குழப்பமும் அங்கிருந்துதான். திரௌபதி அம்மன் வேறு. அவளுடைய வழிபாட்டின் மையம் செஞ்சிப் பக்கம். பாரதம் படித்து, கூத்து ஆடி, துரியோதனன் விழும் படுகளச் சடங்கு முடித்துக் கடைசியில் தீ மிதிப்பார்கள். மாரியம்மனுக்கும் பூக்குழி உண்டு. இரண்டு கூட்டமும் ஒரே தோட்டத்தில் ஒரே லைன் வீடுகளில் குடியிருந்தபோது, ஒரே கோயிலில் ஒரே குழியில் இரண்டு அம்மனையும் சேர்த்துக் கும்பிட்டார்கள். அம்பலவாணர் ஆலயம் என்ற நம் இரண்டாம் ஆற்றுக் கோயிலில் நடப்பது திரௌபதிக்கான தீமிதி. இசிப்பிங்கோ கோயில் மாரியம்மனுடையது. இணையத்தில் எழுதுகிறவர்கள் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள்.

பார்வதி என்பது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எந்த ஊர்த் தெய்வத்தையும் சிவனின் சக்தியாகப் பார்ப்பது சைவ மரபில் இயல்பு. சமயபுரம் போன்ற பெரிய கோயில்களில் அந்தப் பார்வைதான் இருக்கிறது. அதிலும் பழைய முறை அழியவில்லை. பக்தர்களுக்காக அம்மனே இருபத்தெட்டு நாள் பச்சைப்பட்டினி விரதம் இருக்கிறாள், துள்ளுமாவும் இளநீரும் பானகமும்தான் நிவேதனம். சாமி நமக்காகப் பட்டினி கிடக்கும் கோயில் வேறு எங்கே இருக்கிறது என்று வகுப்பில் பிள்ளைகளிடம் கேட்பேன்.

ஆக என் முடிவு இதுதான். வழிபாடு முந்தியது, கதைகள் பிந்தியவை. வேப்பிலை, மஞ்சள் தண்ணீர், கூழ், கரகம், புற்று இவையெல்லாம் தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் ஒன்றுபோல இருக்கின்றன. இங்கேயும் பல அம்மன் கோயில்களில் புற்று உண்டு. கதைதான் ஊருக்கு ஊர் மாறுகிறது. முதலில் ஒரு கதை இருந்து அதிலிருந்து சடங்கு வந்திருந்தால் நிலைமை தலைகீழாக இருந்திருக்கும். இது என் ஆராய்ச்சி முடிவு என்று சொல்ல மாட்டேன், இத்தனை வருடம் பார்த்ததிலிருந்து நான் நம்புவது.

இனி நோய். உங்கள் நண்பர் சொன்னதில் பாதி சரி. பெரியம்மையை உலகத்திலிருந்து ஒழித்துவிட்டோம் என்று 1980இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. தடுப்பூசிதான் ஒழித்தது. வேப்பிலையும் மஞ்சளும் பெரியம்மையைக் குணப்படுத்தின, நம் முன்னோர் எல்லாம் அறிந்திருந்தார்கள் என்று சுற்றும் பேச்சை நம்பாதீர்கள். அப்படிக் குணமாகியிருந்தால் இத்தனை தாய்மார் பிள்ளைகளைப் பறிகொடுத்திருக்க மாட்டார்கள். அந்தப் பழக்கம் செய்த வேலை வேறு. வீட்டில் அம்மை கண்டால் வாசலில் வேப்பிலை செருகுவார்கள், வெளியாள் உள்ளே வர மாட்டார். வீட்டார் பிறர் வீட்டுக்குப் போக மாட்டார்கள். தாளிப்பு இல்லை, மீன் கறி இல்லை. பிள்ளையை வேப்பிலை மேல் படுக்கவைத்து, அரிக்கும்போது நகம் படாமல் வேப்பங்கொத்தால் தடவிக்கொடுப்பார்கள். முத்து உதிர்ந்த பிறகு மூன்று முறை தலைக்குத் தண்ணீர் ஊற்றித்தான் வெளியே விடுவார்கள். நோய் பக்கத்து வீட்டுக்குப் போகாமல் தடுக்க அந்தக் காலத்தில் இதைவிட நல்ல வழி இருந்திருக்காது.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. "நோய் வந்திருக்கிறது" என்று யாரும் சொல்வதில்லை. "அம்மா வந்திருக்கிறாள்", "முத்து போட்டிருக்கிறது", "ஆத்தா விளையாடுகிறாள்" என்போம். உடம்பெல்லாம் கொப்புளம் வந்து கிடக்கும் பிள்ளையைப் பார்த்து யாரும் அருவருத்து ஒதுக்க முடியாது, ஏனென்றால் அந்த உடம்பில் அம்மன் இருக்கிறாள். என் தம்பிக்குச் சின்னம்மை வந்தபோது எங்கள் ஆயா அவன் காலைத் தொட்டுக் கும்பிட்டதை ஐந்து வயதில் பார்த்தேன். இரவெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து தாலாட்டுப் பாடினார், பிள்ளைக்கும் அம்மனுக்கும் சேர்த்து ஒரே தாலாட்டு. பெரியம்மை போய்விட்டது, சரி. சின்னம்மை இருக்கிறது, தட்டம்மை இருக்கிறது. உங்கள் வீட்டில் யாருக்காவது வந்தால் முதலில் டாக்டரிடம் போங்கள், தடுப்பூசியைத் தவறவிடாதீர்கள். அப்புறம் வாசலில் வேப்பிலை கட்டுங்கள். எங்கள் வீட்டில் இரண்டும் ஒன்றை ஒன்று தடுத்ததில்லை.

வேப்பிலை என்றதும் இன்னொன்று சொல்ல வேண்டும், இதைச் சொல்லாமல் என்னால் நகர முடியாது. கப்பலில் வந்தவர்கள் இங்கே வேப்பமரத்தைத் தேடினார்கள். கிடைக்காத இடத்தில் சிரிங்கா மரத்தைப் பிடித்துக்கொண்டார்கள். அது வேம்பின் உறவு மரம், இலையும் கசப்பும் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும், ஆனால் காய் விஷம். நான் சிறுபெண்ணாக இருந்தபோது கோயில் தோரணம் முழுக்கச் சிரிங்காதான். இன்று அரசாங்கம் அதைக் களைமரப் பட்டியலில் வைத்திருக்கிறது. கேழ்வரகுக்குப் பதிலாக மக்காச்சோள மாவு வந்தது, தோட்டத்தில் ரேஷனாகக் கிடைத்தது அதுதான். பக்கத்தில் இருந்த ஜூலு மக்கள் அதே மாவைப் புளிக்கவைத்து மஹேவு செய்து குடிப்பார்கள். எங்கள் ஆயா ஊற்றிய கூழை அந்த வீட்டு அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, எங்கள் சாப்பாடுதானே என்று சிரித்ததாக அம்மா சொல்வார்.

காலமும் அப்படித்தான் மாறியது. தமிழ்நாட்டில் ஆடி என்றால் கோடை முடிந்து காற்றும் புதுவெள்ளமும் வரும் நேரம். இங்கே ஆடி குளிர்காலம், வறண்ட காலம், மழை அக்டோபருக்கு மேல்தான். இருந்தும் ஆடியை யாரும் விடவில்லை. தீமிதி மட்டும் ஈஸ்டர் வெள்ளிக்கிழமைக்குப் போனது. தோட்டக் கூலிக்கு லீவு என்பது சாதாரண விஷயம் இல்லை. இந்தியர் எல்லோருக்கும் சேர்த்துக் கிடைத்த பெரிய லீவு மொகரத்துக்குத்தான். பெரிய வெள்ளி எல்லோருக்கும் விடுமுறை, பங்குனி சித்திரையை ஒட்டியும் வருகிறது. அதனால் அந்த நாளைப் பிடித்துக்கொண்டார்கள் என்பதுதான் பெரியவர்கள் சொல்லும் காரணம், எனக்கும் அது பொருத்தமாகவே படுகிறது. இன்றும் இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலில் ஈஸ்டருக்கு ஆயிரக்கணக்கில் கூட்டம் வருகிறது.

நண்பரின் மற்ற பாதிக்கு, வேதத்தில் இல்லாத கிராமத்துச் சாமி என்ற பேச்சுக்கு, வருகிறேன். நம் ஊரிலேயே இந்தப் பேச்சு பழையது. கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வேதத்துக்குத் திரும்பச் சொல்லும் ஆரிய சமாஜத்துப் பிரசாரகர்கள் வந்தார்கள். 1937இல் டர்பனில் சைவ சித்தாந்த சங்கம் தொடங்கியது. தேவாரம் திருவாசகத்தைத் தமிழ் தெரியாமல் வளர்ந்த பிள்ளைகளின் வாயில் வைத்தவர்களை நான் என்றும் மதிப்பேன். ஆனால் அந்தக் காலத்தில் எழுந்த ஒரு வழக்கம் என்னை வருத்தியது. அம்மன் பிரேயரைப் படிக்காதவர்கள் செய்வது என்று ஒதுக்குவது. நான் இளம் ஆசிரியையாக இருந்தபோது ஒரு கூட்டத்தில், உடுக்கை அடிப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டாதே என்று என்னிடமே சொன்னார்கள். அன்று பேசாமல் இருந்துவிட்டேன். இன்று பேசுவேன். 1950ஆம் ஆண்டின் குரூப் ஏரியாஸ் சட்டத்தால் வெள்ளை அரசாங்கம் மக்களை இனவாரியாகப் பகுதி பகுதியாகப் பிரித்துத் துரத்தியபோது, கேட்டோ மேனரிலிருந்து சாட்ஸ்வொர்த்துக்கு லாரியில் வந்தவர்கள் பலர் கோயில்களை விட்டுவிட்டுத்தான் வந்தார்கள். கரகத்தையும் சூலத்தையும் மடியில் வைத்துக்கொண்டு வந்து, நகரசபையின் கவுன்சில் வீட்டுப் பின்கட்டில் மூன்று செங்கல் வைத்து அடுத்த ஆடிக்கே கூழ் ஊற்றியவர்கள் அந்தப் பெண்கள்தான். ஆகமப்படி கோயில் கட்டப் பணமும் இடமும் குருக்களும் வேண்டும். கூழுக்கு ஒரு பானை போதும். நம் சமயம் அந்தப் பானையில்தான் தப்பித்தது.

பலி பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் கேட்பீர்கள். கோழியும் ஆடும் வெட்டுவது பழைய வழக்கம், இங்கே இன்னும் சில இடங்களில் நடக்கிறது. எங்கள் வீட்டில் அம்மா காலத்திலேயே நிறுத்தி, பூசணிக்காயில் குங்குமம் தடவி உடைக்கிறோம். எனக்கு அதுதான் ஒப்பும். வெட்டுகிற வீட்டை நான் குறைத்துப் பேசுவதில்லை, அவர்கள் வீட்டு நேர்த்திக்கடன் அவர்களுடையது. உங்கள் ஆயா எப்படிச் செய்தாரோ அதை உங்கள் அத்தை, சித்தி யாரிடமாவது கேளுங்கள். அவர்கள் சொல்வது நான் சொல்வதைவிட உங்களுக்குச் சரியாக இருக்கும்.

கடைசியில் கூழ் எப்படிக் காய்ச்சுவது என்றும் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். எங்கள் வீட்டு முறை இது. சனிக்கிழமை இரவே மக்காச்சோள மாவைத் தண்ணீரில் கரைத்து மூடி வையுங்கள், குளிர்காலம் என்பதால் அடுப்புப் பக்கம் வைத்தால்தான் புளிக்கும். ஞாயிறு விடியற்காலையில் குளித்துவிட்டு, மஞ்சள் பூசி வேப்பிலை கட்டிய பானையில் நொய் அரிசி கொஞ்சம் வேகவிட்டு, புளித்த மாவை ஊற்றிக் கட்டி தட்டாமல் கிண்டுங்கள். கேழ்வரகு மாவு இப்போது இந்தியக் கடைகளில் கிடைக்கிறது, ஆசைப்பட்டால் ஒரு கைப்பிடி சேருங்கள். ஆறிய பிறகு பாக்கெட்டில் விற்கும் மாஸ் என்ற புளித்த பால் ஊற்றி, உப்புப் போட்டு, சின்ன வெங்காயம் நறுக்கிப் போடுங்கள். சின்னது கிடைக்காவிட்டால் பெரிய வெங்காயமே போதும். அம்மனுக்கு முதல் கரண்டி. அப்புறம் நீங்கள் குடிப்பதற்கு முன்னால் தெருவில் யார் போகிறார்களோ அவர்களைக் கூப்பிட்டு ஊற்றுங்கள். எங்கள் ஆயா காலத்தில் அப்படித்தான், வந்தவர் யார் என்று கேட்கும் வழக்கம் கிடையாது.